துக்க வீட்டின் முகவரி

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் சுவர்க்கலை நண்பர்கள் குழுத் தலைவர் சிலம்பரசன் அவர்களே! பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களின் குடும்பச் சங்கத்தின் சார்பில் மேடைக்கு வந்திருக்கும் பிரேம்குமார் அவர்களே! முன்வரிசையில் தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கும் அஞ்சலாட்சி அம்மையாரின் கணவர், என் அன்புக்குரிய வடிவேல் அவர்களே! அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் மகள் இனியாவே! முதலியார்பேட்டையிலிருந்தும் அரியாங்குப்பத்திலிருந்தும் வேலை முடிந்த கையோடு வண்டியை நேராக முத்தியால்பேட்டைக்குத் திருப்பிக்கொண்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே! கனத்த மனத்தோடு உங்கள் முன்னால் நிற்கிறேன்.

நான் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். மணி அடிக்கும்வரை பேசிப் பழகியவன். இங்கே மணி இல்லை. தலைவர் கையைக் காட்டினால் நிறுத்திவிடுகிறேன்.

போர் எதிர்ப்புச் சுவரொட்டிக் கலைஞர் அஞ்சலாட்சி அம்மையார் மறைந்து ஒரு மாதம் ஆகிறது. இந்த ஊரில் ஒருவர் இறந்தால் முதல் போன் யாருக்குப் போகும்? டாக்டருக்கா? அவர்தான் ஏற்கெனவே கையை விரித்துவிட்டாரே! ஐஸ் பெட்டிக்காரருக்கா? அவருக்கு இரண்டாவது போன். முதல் போன் அஞ்சலாட்சி அம்மையாருக்கு! "அக்கா, அப்பா போயிட்டாருக்கா. போஸ்டர் அடிக்கணும்." அந்தக் குரலை எத்தனை வீடுகளிலிருந்து அவர் கேட்டிருப்பார்! இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் யார் வீட்டுச் சாவுக்கு அவர் கண்ணீர் அஞ்சலி அடிக்கவில்லை? சொல்லுங்கள்! ஒரு கையும் உயரவில்லை. உயராது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் தெருமுனையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுவரோரம் ஒரு பெஞ்சு. அதுதான் அவர் கடை. இறந்தவரின் படத்தைக் கொண்டு வருவார்கள். எப்போதோ ஒரு கல்யாணத்தில் எடுத்த படமாக இருக்கும். பக்கத்தில் நிற்பவரின் கை தோள்மேல் கிடக்கும். அந்தக் கையைப் பொறுமையாக எடுத்துவிடுவார். "தலைய கொஞ்சம் கருப்பாக்கி வுடுக்கா" என்று மகன் கேட்பான். "நேத்து வரைக்கும் உங்கப்பாவ டீக்கடைல பாத்த ஊருடா. நம்பாது" என்பார். மாலையில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, பேரப்பிள்ளைகள் பெயர் எதுவும் விடுபடாமல் சரிபார்ப்பது என் வேலை. போஸ்டரில் ஒரு மருமகள் பெயர் விட்டுப்போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி ஊர்ச் சாவுக்குப் போஸ்டர் அடித்துக்கொண்டிருந்த ஒருவர், கடல் தாண்டி நடந்த போர்களில் செத்தவர்களுக்கு ஏன் போஸ்டர் அடிக்கத் தொடங்கினார்? வெளியூரிலிருந்து வந்து பேட்டி எடுத்தவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். அவர் சிரித்துவிட்டு, "எங்கப்பா ஆர்டர் குடுத்தாரு" என்பார். விளையாட்டுப் பேச்சு என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அது உண்மை. அந்த ஆர்டர் கொடுக்கப்பட்டபோது நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

அவருடைய அப்பா பக்கிரி ஐயா. சொல்தா பக்கிரி என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்தவரை நம் ஊரில் சொல்தா என்போம், பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மீசை அரும்பிய வயதில் கப்பலேறி, இந்தோசீனாவுக்கு, இன்றைய வியட்நாமுக்கு, பிரெஞ்சுக்காரர்களுக்காகச் சண்டை போடப் போனவர். உயிரோடு திரும்பியவர். முதல் உலகப் போர் முடிந்த நாளான நவம்பர் பதினொன்று வந்தால் கோட்டு மாட்டிக்கொண்டு, பதக்கங்களைக் குத்திக்கொண்டு, கடற்கரைச் சாலையில் இருக்கும் போர் நினைவுச் சின்னத்துக்குப் போய் மலர் வைத்துவிட்டு வருவார். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். நான் வரலாற்று ஆசிரியன் அல்லவா, வாயைக் கிளறிப் பார்த்திருக்கிறேன். "வெயிலு சார் அங்க. நம்மூரு மாரியே வெயிலு" என்பதோடு முடித்துக்கொள்வார்.

இருபது வருடங்களுக்கு மேல் இருக்கும். ஒரு சாயங்காலம். கடையில் இருந்த சின்னத் தொலைக்காட்சியில் ஏதோ ஒரு தூர தேசத்துப் போர் ஓடிக்கொண்டிருந்தது. குண்டு விழுகிறது, புகை எழுகிறது, மறுபடியும் அதே குண்டு, அதே புகை. அம்மையார் யாருக்கோ பூ பார்டர் போட்டுக்கொண்டிருந்தார். பக்கிரி ஐயா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா அஞ்சலா, இதுல சாவுறவங்களுக்கு யாரு போஸ்டர் அடிப்பா?"

"அவங்க ஊர்ல அந்தப் பழக்கம் இருக்கோ இன்னாவோப்பா."

"நான் சுட்டவனுக்கு யாரும் அடிச்சிருக்க மாட்டாங்க."

அம்மையாரின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றுவிட்டது.  அவராகவே சொன்னார்.

"பேரு தெரியாது. ஆத்தங்கரை. கிட்டப் போயி திருப்பிப் பாத்தேன். சட்டைல எல்லாப் பட்டனும் வெள்ள. ஒண்ணு மட்டும் பச்ச. அறுந்து போயிருக்கும், வூட்டுல யாரோ கெடைச்சத வெச்சித் தச்சிக் குடுத்திருக்காங்க. அத நான் பாத்திருக்கக் கூடாது சார். அதுக்கப்புறம் எவன் சட்டையப் பாத்தாலும் பட்டனத்தான் பாப்பேன்."

சொல்லிவிட்டு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். அன்றைக்கு அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. டம்ளரில் காபி பாதி இருந்தது.

நண்பர்களே! நான் வகுப்பில் போர்களை எப்படி நடத்தினேன் தெரியுமா? கரும்பலகையில் வரைபடம் போடுவேன். இந்தப் படை இங்கிருந்து அங்கே போயிற்று என்று சாக்பீஸால் ஓர் அம்புக்குறி இழுப்பேன். அம்புக்குறி அழகாக வரும். அதில் எனக்குப் பெருமைகூட உண்டு. அந்த அம்பின் முனையில் பச்சைப் பட்டன் தைத்த சட்டையோடு ஒருவன் நின்றிருப்பான் என்பது அந்தச் சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது.

நவம்பர் பதினொன்று நெருங்கியது. ஒரு தாளை என்னிடம் நீட்டி, "பாருங்க சார், பேரு ஏதாச்சும் வுட்டுப்போச்சா?" என்றார் அம்மையார். பெயர் விட்டுப்போவதற்கு அதில் பெயரே இல்லை! மேலே 'கண்ணீர் அஞ்சலி.' நடுவில், முகம் இருக்க வேண்டிய வட்டத்தில், ஒரு சட்டை. நான்கு வெள்ளைப் பட்டன், ஒரு பச்சைப் பட்டன். கீழே, 'பெயர் தெரியாது. மறைவு: இந்தோசீனப் போரில், ஓர் ஆற்றங்கரையில்.' அதற்கும் கீழே, 'வருந்துவோர்: பக்கிரி, மகள் அஞ்சலாட்சி.' கடைசி வரி, 'துக்க வீடு' என்று போட்டு, அவருடைய சொந்த வீட்டு முகவரி!

"அம்மா, இந்த முகவரி வேணுமா?" என்று கேட்டேன்.

"அட்ரஸ் இல்லாத சாவ நம்ம ஊரு நம்பாது சார்."

அவரோடு பழகிய காலம் முழுவதும் நான் கேட்ட பேச்சுகளில் இதற்கு ஈடாக இன்னொன்று இல்லை. தொலைக்காட்சியில் ஆயிரம் பேர் செத்தார்கள் என்றால் நாம் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்கிறோம். ஏன்? நாம் கல்நெஞ்சக்காரர்களா? இல்லை! நம் தெருவில் ஒருவர் செத்தால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுகிறோமே! ஓடுவதற்கு ஒரு வீடு வேண்டும். போய் நிற்பதற்கு ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலைத்தான் அவர் கொடுத்தார்.

ஆனால் சொந்த வீட்டைத் துக்க வீடு என்று எழுதி ஊரெல்லாம் ஒட்டுவது லேசான காரியமா? வடிவேல் அன்றைக்குக் கத்தியது தெருவுக்கே கேட்டது. அவர் எதிரிலேயே சொல்கிறேன், அவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

"எல்லாரும் உசுரோட இருக்கிற வூட்ட துக்க வீடுன்னு எழுதுறியே, வெளங்குமா இது?"

"ஊரு வூட்டுச் சாவ அடிச்சித்தான் நம்ம வூட்டுல சோறு வேவுது. ஒரே ஒரு சாவுக்கு நம்ம வாசல குடுத்தா கொறஞ்சா போயிடுவோம்?"

"நீ பேசி ஜெயிச்சிடுவ. ஊரு இன்னா சொல்லும்?"

"ஊரு வந்து பாக்கட்டும்."

ஊர் வந்து பார்த்தது! அதைச் சொல்லாமல் இந்தக் கூட்டத்தை முடிக்க முடியாது. போஸ்டர் ஒட்டிய மறுநாள் காலை. வண்டியில் போகிறபோது நாம் கண்ணீர் அஞ்சலியை எப்படிப் படிப்போம்? முழுதாகவா படிப்போம்? பக்கிரி என்ற பெயர் கண்ணில் பட்டது, துக்க வீடு என்று அந்த வீட்டு முகவரி கண்ணில் பட்டது. போதாதா? சொல்தா பக்கிரி போய்விட்டார் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. விடிந்து சூரியன் மேலே ஏறுவதற்குள் அந்த வாசலில் மாலையோடு வரிசை! யாரோ பறைக்குக்கூடச் சொல்லிவிட்டார்கள். அரியாங்குப்பத்திலிருந்து அவருடைய தங்கை ஆயம்மா, ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே மாரில் அடித்துக்கொண்டு, "என்ன வுட்டுட்டுப் போயிட்டியே எங்கண்ணா" என்று தெருவே அதிர அழுதுகொண்டு உள்ளே ஓடினார். உள்ளே அண்ணன் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்!

"யோவ் அண்ணா! நீ சாவலையா?"

"சாவலியேன்னு வருத்தமா இருந்தா சொல்லு, இட்லிய முடிச்சிட்டுப் பாக்குறேன்."

"வாயக் கழுவு! நூறு ரூபா குடுத்து ஆட்டோவுல அழுதுகினு வந்தேன்டா பாவி!"

சிரியுங்கள், சிரியுங்கள். அம்மையாரும் இதைச் சொல்லிச் சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். சாவுக்கு என்று கட்டிக்கொண்டு வந்த மாலையை நம்மில் யாராவது திருப்பி எடுத்துக்கொண்டு போவோமா? சொந்த வாசலுக்குள் அதைக் கொண்டுபோக யாருக்குத் துணிச்சல் உண்டு? மாலையும் கையுமாக இருபது முப்பது பேர் திகைத்துப்போய் நிற்கிறார்கள். உள்ளே போட ஆள் இல்லை, வெளியே கொண்டுபோக வழி இல்லை. பக்கிரி ஐயா கையைக் கழுவிவிட்டு வாசலுக்கு வந்தார். எல்லோரையும் பார்த்தார். முதல் ஆளின் கையிலிருந்த மாலையை வாங்கினார். எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த அந்தச் சட்டைப் போஸ்டரிடம் போய், மேலே இருந்த ஆணியில் மாட்டினார்.

"இவனுக்குத்தான். இவன நான்தான் சுட்டேன். இங்க மாட்டுங்க எல்லாரும்" என்றார்.

 ஆயம்மா அவரைத் தாங்கிக்கொண்டார். ஆட்டோவில் வந்தபோது அழுத அழுகையை அந்த அம்மா மறுபடியும் தொடங்கினார். இந்த முறை யாருக்காக அழுகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. யார் பெற்ற பிள்ளையோ, எந்த ஊரோ, கடலுக்கு இந்தப் பக்கம், மில் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஒரு தெருவில் அவனுக்கு ஒப்பாரி நடந்தது. ஐயா, அந்த ஒப்பாரியை நான் கேட்டேன்! போர் என்றால் என்ன என்று முப்பது வருடம் பாடம் நடத்தியவன், அந்த வாசலில்தான் பாடம் கேட்டேன்!

எல்லோருக்கும் இது பிடித்ததா? பிடிக்கவில்லை. இரண்டு நாளில் அந்தப் போஸ்டரை ஒருவர் கிழித்தார். கிழித்தவர் இதோ மேடையில் இருக்கிறார். "சார், என் பேரச் சொல்லியே பேசுங்க" என்று பிரேம்குமார் என்னிடம் கேட்டுக்கொண்டதால் சொல்கிறேன். அவருடைய தாத்தா அம்மாவாசை அதே போரில் அங்கேயே இறந்தவர். உடல் வரவில்லை. "எங்க தாத்தாவ கொன்னவனுக்கு எங்க ஊர்லயே மாலையா?" என்று அன்றைக்குக் கடைக்கு வந்து சண்டை போட்டார். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லையா? இருந்தது. அம்மையார் பதிலுக்குக் குரலை உயர்த்தவில்லை. வாடிக்கையாளரிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

"உங்க தாத்தாவுக்குப் போஸ்டர் ஒட்டுனாங்களா?"

"அந்தக் காலத்துல ஏதுக்கா போஸ்டர்?"

"சரி, இப்ப ஒட்டிடலாம். படம் இருக்கா?"

படம் இல்லை. பிரேம்குமார் வீட்டில் மிச்சம் இருந்தது ஒரு பித்தளை மில் டோக்கன் மட்டும். படையில் சேர்வதற்கு முன்னால் மில்லில் வேலை பார்த்தவர், திரும்பி வந்து வேலைக்குப் போக வேண்டும் என்று டோக்கனை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். அடுத்த வருடம் சுவரில் இரண்டு போஸ்டர்கள். ஒன்றில் பச்சைப் பட்டன். பக்கத்தில் மில் டோக்கன். இரண்டுக்கும் கீழே ஒரே முகவரி. இரண்டுக்கும் பசை தடவியது பிரேம்குமார்!

அந்த வருடம் கடற்கரையில் மலர் வைத்துவிட்டுச் சொல்தா குடும்பங்கள் கோட்டோடும் பதக்கத்தோடும் முத்தியால்பேட்டைக்கு நடந்தே வந்தார்கள். பக்கிரி ஐயா மில் டோக்கனுக்கு முன்னால் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். பட்டனுக்கு அடிக்கவில்லை. பட்டன் போஸ்டரின் எதிரில் ஷூவைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு, வெயில் சுடுகிற தார்ச்சாலையில் நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஆயம்மா வந்து கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

அதோடு அம்மையார் விடவில்லை, ஐயா இறந்த பிறகும் விடவில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு போஸ்டர். கடலுக்கு அந்தப் பக்கம் நம் மொழி பேசியவர்கள் கொத்துக்கொத்தாக மடிந்த வருடம், ஒரு வீட்டுச் சாவி. இன்னொரு தேசத்தில் ரொட்டிக்கு வரிசையில் நின்று இறந்த ஒரு பெண்ணுக்கு, மடித்து வைத்த துணிப்பை. ஒரு பள்ளிக்கூடத்தின்மேல் குண்டு விழுந்த வருடம், மூடி தொலைந்துபோன ஒரு தண்ணீர் பாட்டில். எப்போதும் பொருள்தான். முகம் கிடையாது. ஏனம்மா முகம் போடுவதில்லை என்று கேட்டேன்.

"மொகத்தப் போட்டா வேற ஊரு ஆளுன்னு தெரிஞ்சிடும் சார். வண்டிய நிறுத்தாம போயிடுவாங்க. தண்ணி பாட்டில் இன்னா ஊருன்னு யாருக்குத் தெரியும்? நம்ம புள்ளதுதான்னு நின்னு பாப்பாங்க."

கலைக்கு இலக்கணம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அந்தப் பாட்டிலுக்கு முன்னால் பள்ளிக்கூட வேனை நிறுத்தி ஓட்டுநர் இறங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன். பள்ளியில் மகளை விட்டுவிட்டு வந்த ஒரு தாய், திரும்பவும் பள்ளிக்கே வண்டியை ஓட்டிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். வேறு என்ன வேண்டும்?

இதோ மண்டப வாசலில் அம்மையாருக்கு இனியா அடித்திருக்கும் போஸ்டரில் முகம் இருக்கிறது. "அம்மாவுக்கு மட்டும் மொகம் போட்டுட்டேன் சார். எல்லாருக்கும் தெரிஞ்ச மொகந்தானே" என்றாள் அந்தப் பெண். நரையை எடுக்கவில்லை. அம்மாவின் மகள்!

இனி நான் சொல்லப்போவது எளிதில்லை. ஆனால் சொல்லாமல் இறங்கினால் நான் அவருக்கு நண்பன் இல்லை.

அம்மையாருக்கு நெஞ்சுவலி வந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. துக்கத்துக்குப் போட்ட வாடகை நாற்காலிகளைத் திருப்பிக் கொண்டுபோவதற்கு முன்பே நம் டீக்கடைகளில் ஒரு பேச்சு கிளம்பியது. என் காதிலும் விழுந்தது. "வருசா வருசம் அவங்க கையாலயே துக்க வீடுன்னு சொந்த அட்ரஸ எழுதி ஒட்டுனாங்களே. வராம இன்னா செய்யும்?" சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. இங்கேயும் சிலர் இருக்கலாம். சாவு என்றால் நமக்குப் பயம். பயத்தில் நாலு வார்த்தை வரும். ஆனால் அந்த நாலு வார்த்தை வடிவேல் காதில் போய் விழுந்துவிட்டது.

கருமாதி முடிந்த அன்று என்னைத் தனியாக அழைத்துப்போய் அவர் கேட்டார். "சார், நீங்க படிச்சவரு. நான் அன்னிக்கே வாணாம்னு சொன்னேன். இன்னும் கொஞ்சம் கத்தியிருக்கணுமா? கையப் புடிச்சி நிறுத்தியிருந்தா இருந்திருப்பாளா?"

நான் எடுத்துச் சொன்னேன். உதாரணம் கொடுத்தேன். முகவரியே எழுதாத வீடுகளிலும் சாவு வரவில்லையா? இருபது வருடமாக எழுதியும் அந்த வீட்டில் இனியாவின் கல்யாணம் நடக்கவில்லையா, பேரன் பிறக்கவில்லையா? பக்கிரி ஐயா தொண்ணூறை நெருங்கித்தானே போனார்? எல்லாவற்றையும் கேட்டுத் தலையை ஆட்டினார். ஆட்டினாரே தவிர, அவர் கண்ணில் அந்தக் கேள்வி அப்படியே இருந்தது. முப்பது வருடம் பிள்ளைகளின் கண்ணைப் பார்த்தவன் நான். புரிந்த கண் எது, மரியாதைக்குத் தலையாட்டும் கண் எது என்று எனக்குத் தெரியும்.

நவம்பர் பதினொன்று வரப்போகிறது. இந்த வருடத்துக்கு என்ன பொருள் என்று அம்மையார் போவதற்கு முன்பே இனியாவிடம் பேசி வைத்திருந்தார். போர் நடக்கும் ஓர் ஊரில் வீடு வீடாகத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்த ஒருவர் இறந்துபோன செய்தியைப் போனில் பார்த்தாராம். நம் வாசலில் நிற்கிறதே, இருபது லிட்டர் கேன், அதேதான். கைப்பிடி உடைந்து, கயிறு கட்டிய கேன். இனியா வரைந்து முடித்துவிட்டாள். கடைசி வரி மட்டும் காலியாக இருக்கிறது. அந்த வீட்டு முகவரியை மறுபடியும் போட வடிவேல் சம்மதிக்கவில்லை.

"ஒண்ணு போதும்மா. என்னால இன்னொன்னு தாங்க முடியாது" என்றாராம்.

அவரைக் குறை சொல்ல முடியுமா? முடியாது! ஏற்கெனவே துக்கம் நடந்த வீடு, வருடம் திரும்பும்வரை பொங்கலும் தீபாவளியும்கூட இல்லாத வீடு, அடுத்தவர் துக்கத்தையும் எப்படிச் சுமக்கும்? அவரிடம் போய் நாம் தைரியம் பேசக்கூடாது. அவருக்குப் பகுத்தறிவு சொல்லக்கூடாது. நான் சொல்லிப் பார்த்துத் தோற்றுவிட்டேன். அஞ்சலாட்சி எழுதியதால் சாகவில்லை என்று அந்த மனிதர் நம்ப வேண்டுமானால் ஒரே வழிதான் உண்டு. அதே வரியை இன்னொருவர் எழுத வேண்டும். எழுதிவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே காலையில் பால் வாங்கப் போக வேண்டும்!

நேற்று இதை என் மனைவி சந்திரகலாவிடம் சொன்னேன். அவர் எப்படிப்பட்டவர் என்று தெருவுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை நகம் வெட்டவிடமாட்டார். நான் வெளியே கிளம்பும்போது எங்கே போகிறேன் என்று கேட்டுவிட்டால், அவரே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து மறுபடி அனுப்புவார். அப்படிப்பட்டவரிடம், நம் வீட்டைத் துக்க வீடு என்று எழுதலாமா என்று எப்படிக் கேட்பது? தயங்கித் தயங்கிக் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றது. 

"எங்கம்மா செத்தப்ப போட்டோவே இல்லன்னு சொல்லி, ரேஷன் கார்டுல பொட்டு மாரி இருந்த படத்த வெச்சிக்கினு ராவெல்லாம் கண்ணு முழிச்சா அஞ்சலா. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"எழுதுங்க. ஆனா டோர் நம்பர ஒழுங்கா போடுங்க. மாத்திப் போட்டீங்கன்னா பக்கத்து வூட்டு மேனகா வெளக்குமாத்தோட வருவா."

நண்பர்களே! வடிவேல் அவர்களே! கொஞ்சம் நிமிர்ந்து என்னைப் பாருங்கள். உங்களுக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. ஒரு வரி இருக்கிறது. அதை இனியாவிடம் இப்போதே கொடுக்கிறேன். நவம்பர் பதினொன்றாம் தேதி காலையில் சுவரில் ஒட்டப்போகும் தண்ணீர் கேனுக்குக் கீழே இதைப் போட்டுக்கொள்ளம்மா. துக்க வீடு: எண் பதினேழு, பிள்ளையார் கோயில் குறுக்குத் தெரு, முத்தியால்பேட்டை. என் வீடு. எழுதுவதற்கு எனக்குப் பயமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அஞ்சலாட்சி அம்மையாருக்கும் முதல் வருடம் பயமாக இருந்திருக்கும். பயந்துகொண்டுதான் எழுதியிருப்பார்.

அடுத்த வருடம் பிரேம்குமார் தன் முகவரியைக் கொடுக்கிறேன் என்று இப்போது மேடையில் என் காதில் சொன்னார். அதற்கடுத்த வருடம் யார் என்று நான் கேட்கப்போவதில்லை. வீட்டுக்குப் போய் உங்கள் வீட்டில் பேசுங்கள். நீங்களும் கீரை ஆயும் நேரமாகப் பார்த்துப் பேசுங்கள்.

பெயர் தெரியாத அந்தத் தண்ணீர்க்காரருக்கு அன்றைக்கு என் வாசலில் ஒரு பெஞ்சு போட்டிருக்கும். எதிர்ச்சுவரில் ஆணி இருக்கும். உங்களை வாருங்கள் என்று நான் அழைக்கவில்லை. துக்க வீட்டுக்கு யாரையும் அழைக்கும் வழக்கம் நமக்கு இல்லை. தெரிந்தவர்கள் வருவார்கள்.

இப்போது உங்களுக்குத் தெரியும்.